மூன்று சிஸ்டமும் ஒரு தொண்டையும்

மார்ச் 4, செவ்வாய்

பேச்சைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உள்ளே கிடப்பதை எங்காவது கொட்ட வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

நான் சுடலைமணி. கோவில்பட்டிக்காரன். தொழில், ஊருக்குச் சாவு சொல்வது. பேருக்கேற்ற தொழில் என்று இதுவரை ஊரில் எல்லாரும் ஒரு முறையாவது சொல்லிச் சிரித்தாகிவிட்டது. இனி யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். யாராவது காலமானால் வீட்டுக்காரர்கள் வந்து பேரும் நேரமும் கொடுப்பார்கள். நான் உள்ளறையில் மெத்தைகளைச் சுவரோடு நிறுத்திவைத்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். இருளப்பன் தன் ஆட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் அதைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். இந்த ஊரில் என் குரலில் ஒலித்தால்தான் சாவு உறுதி. அதுவரை வெறும் வதந்தி.

அந்தக் குரலில்தான் இப்போது கோளாறு. இரண்டு மாதமாகக் கரகரப்பு. இன்று திருநெல்வேலிக்கு ராஜகனி இழுத்துக்கொண்டு போனாள். ராஜகனி என் மனைவி. இழுக்காமல் அவள் என்னை எங்கும் கூட்டிப்போனதில்லை.

டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல ஒரு வளர்ச்சி இருக்கு. எடுத்துரலாம். ஆனா குரல் பழையபடியே வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். சொல்லும்போது அவர் கண் செல்போனில் இருந்தது. ஒருவனுடைய பிழைப்பு போகப்போகிறது என்று சொல்கிறவன் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? நான் சாவு சொல்கிறவன். கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று என்னிடம் வந்து படிக்கட்டும்.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். "எதுக்கு சார் பரிசோதனை?" என்று ராஜகனி கேட்டாள். நான் எழுந்து வெளியே வந்து மீன்தொட்டியைப் பார்த்தேன். உள்ளே ஏதோ வெகுநேரம் பேசினார்கள். ஒரு மீனுக்கு வால் பாதிதான் இருந்தது.

ஆபரேஷன் 24-ஆம் தேதி.

மார்ச் 6, வியாழன்

திட்டம் போட்டுவிட்டேன். 24-க்குள் ஊரிலுள்ள தெருப் பெயர், மனிதப் பெயர், மணி, கிழமை, 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்துவைத்துவிடுவது. பிறகு எவன் செத்தாலும் துண்டுகளை வெட்டி ஒட்டினால் போதும். குரல் போனாலும் தொழில் போகாது. அடடா, என்ன மூளை!

கம்ப்யூட்டரைத் திறந்தால், பதிவு செய்யும் மென்பொருள், உன் ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது, இதற்குமேல் நான் இதில் ஓட மாட்டேன் என்கிறது. டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களா?

மாடியிலிருந்து தர்மக்கண் இறங்கி வந்தான். கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர் மக்கர் செய்கிற சத்தம் அவனுக்குக் கேட்கும். ராஜகனியின் தம்பி, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தொடாமல் அவர்கள் கம்ப்யூட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியது நான்தான்.

"அத்தான், லினக்ஸ் போட்டிருவோம்."

"எனக்கு விண்டோஸ்தான் பழக்கம் மாப்ள."

"பழகுனா எல்லாம் பழக்கந்தான். லினக்ஸ் சும்மா கெடைக்குது அத்தான்!"

"நீயும்தான் சும்மா கெடச்ச. அதுக்காக வச்சுக் கொண்டாடவா செய்றேன்?"

ராஜகனி அடுப்படியிலிருந்து, "ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு? வாய மூடுங்க" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

கல்யாண வீடியோ எடுக்கிற ஜெபராஜ் வந்தான். "அண்ணாச்சி, சவுண்டுன்னா மேக்தான். மத்ததெல்லாம் விட்ருங்க" என்றான். மேக் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனிக் கம்ப்யூட்டரையே வாங்க வேண்டுமாம். பெண்ணைக் கட்டினால் மாமியாரும் கூடவே வருவாள் என்பது போல.

தர்மக்கண் விடவில்லை. இருவரும் என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, என் முன்னாலேயே, என் குரலுக்கு எது நல்லது என்று சண்டை போட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் பேசக்கூடாது என்பது இவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது! மேசையில் ஓங்கித் தட்டினேன். டம்ளர் விழுந்தது. ராஜகனி துடைத்தாள். சண்டை தொடர்ந்தது.

மார்ச் 11, செவ்வாய்

தர்மக்கண் ஒரு தீர்ப்புச் சொன்னான். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்வதாம். ஒரே கம்ப்யூட்டரில் இப்போது மூன்று சிஸ்டம்: புது விண்டோஸ், ஒரு சாதாரண லினக்ஸ், ஒலிப்பதிவுக்கென்றே செய்த இன்னொரு லினக்ஸ். சுவிட்சைப் போட்டதும் எது வேண்டுமென்று ஓட்டல் சர்வர் மாதிரி கேட்கிறது. கொஞ்சம் யோசித்தால் அதுவே ஒன்றை முடிவு செய்துகொண்டு போய்விடுகிறது. ராஜகனியும் புடவைக் கடையில் என்னை இப்படித்தான் நடத்துவாள்.

ஒலிப்பதிவு லினக்ஸில் முதல் பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'காலமானார்' என்றேன். சொல்லி முடித்தபிறகு காதில் வருகிறது, 'காலமானார்' என்று. எனக்குப் பின்னால் நானே நடந்து வருவது மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஏல, இது என்ன எழவு?"

"தாமதம் அத்தான். நீங்க எதையோ அமுக்கி வச்சிருக்கீக. செட்டிங்ல கொறச்சிரலாம்."

குறைத்தான். இப்போது என்னோடு சேர்ந்து வருகிறது. சுத்தமாகத்தான் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

தெருப் பெயர்கள் முடிந்தன. மனிதப் பெயர்களில் 'ர' வரிசை வரை வந்துவிட்டேன். காலையில் குரல் நன்றாக இருக்கும்போது ஒரு சிஸ்டத்தில், சாயங்காலம் கம்மும்போது இன்னொன்றில் என்று மாற்றி மாற்றிப் பதிகிறேன். எதில் எது இருக்கிறது என்பது மனதில் இருக்கிறது. அன்றன்றைக்குப் போக வேண்டிய அறிவிப்புக்கு மூன்றிலும் 'இன்று' என்றே ஒரு போல்டர் வைத்திருக்கிறேன், குழப்பம் வராமல் இருக்க.

ராஜம்மாள், ராஜசேகர், ராஜாமணி சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். வாசலில் ராஜகனி நின்றுகொண்டிருந்தாள்.

"எம் பேரு இல்லையா?"

"வரிசை முடிஞ்சு போச்சு."

"ராஜம்மா இருக்காக, ராஜாமணி இருக்காக, நான் இல்லையாக்கும்?"

"ஒனக்கு என்ன அவசரம்? போய் மிக்சிய நிறுத்து. பதிவுல விழுது."

மிக்சி ஓடவில்லை. அவள் அதைச் சொல்லிக்காட்டாமல் போனாள்.

மார்ச் 15, சனி

என்னைக் கொலைகாரனாக்காமல் விடமாட்டான் தர்மக்கண்.

"அத்தான், எந்த சிஸ்டம்னு ஆபரேசனுக்கு முன்னாடி சொல்லிருங்க. மத்தத அழிச்சு, எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்துருதேன். ஏன்னா, ஒருவேள..."

"ஒருவேள என்னல?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

"ஒருவேள நான் திரும்பி வராட்டா, அதான? ஆளு போகுமுன்ன சாவிய வாங்கி வைக்க வந்தியோ?"

"அக்கா, இங்க பாரு இவர..." என்று போய்விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் நீர் வரத்தான் செய்யும்.

கோபம் தாங்கவில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வேண்டியிருந்தது. சாதாரண லினக்ஸைத் திறந்தேன். முழுக் குரலில் பதிந்தேன்:

"கண்ணீர் அறிவிப்பு. மேட்டுத் தெரு தர்மக்கண் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னார், அழைக்காமலே வந்து உதவியவர். கேட்காமலே அறிவுரை வழங்கியவர். எந்த வீட்டுக் கம்ப்யூட்டரையும் திறக்காமல் விட்டதில்லை. அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில் அன்னாரது அக்காள் வீட்டிலிருந்து புறப்படும்."

வழக்கம்போல 'இன்று' போல்டரில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். சமீபத்தில் செய்ததிலேயே இதுதான் சிறப்பு. குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆத்திரம் தொண்டைக்கு நல்லது போலும்.

மார்ச் 17, திங்கள்

காலையில் நந்தவனத் தெரு பேச்சியம்மாள் காலமாகிவிட்டார். வயதானவர், நல்ல மனுஷி. விண்டோஸில் பதிவு செய்தேன். 'இன்று' போல்டரில் வைத்தேன். பல் விளக்கப் போன நேரத்தில் மின்சாரம் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறது. பதில் சொல்ல நான் அங்கே இல்லை. அதுவே சாதாரண லினக்ஸுக்குள் போய்விட்டது. நான் வந்து பார்த்தேன், 'இன்று' இருந்தது, உள்ளே ஒரே ஒரு பதிவு இருந்தது. பென்டிரைவில் போட்டு இருளப்பனிடம் கொடுத்தேன்.

இருளப்பனுக்குத் தலைக்கு நேர்மேலே குழாய் என்பதால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டுவான். என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

குளித்துவிட்டு வந்தால், வாசலில் சாமியானாக்காரன் கம்பு இறக்குகிறான். பின்னாலேயே பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது. கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் பெரிய ரோஜா மாலையோடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமதான் எங்க பிரிண்டரப் பிரிச்சுப் போட்டாரு அண்ணாச்சி. இன்னும் மாட்டல" என்று தேம்புகிறார். ராஜகனி மாவுக் கையோடு ஓடிவந்து, "யாருக்கு? யாருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவள் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

அப்போது தெருமுனையில் தர்மக்கண் வந்தான். சலூனிலிருந்து நேராக வந்திருக்கிறான். ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னத்தில் நுரை, கழுத்தில் சலூன் துண்டு. கூட்டம் விலகி வழிவிட்டது. செயலாளர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அக்காளும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுது முடிக்கிற வரை நான் தூணோடு தூணாக நின்றேன். அவன் அடிப்பான், அடிக்கட்டும், திருப்பி அடிக்க வேண்டியதுதான் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அவன் வந்து கேட்டான்: "அத்தான், எந்த சிஸ்டத்துல பதிஞ்சது?"

"லினக்ஸு."

"நெனச்சேன். 'அழைக்காமலே'ங்கிற எடத்துல அந்த 'ழ' எவ்வளவு சுத்தமா வந்திருக்கு, கவனிச்சீகளா?"

இவனை என்ன செய்வது? ஒரு மனிதன் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாவிட்டால் எதிராளி என்னதான் செய்வான்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சாமியானாக்காரனைத் திட்டினேன்.

பேச்சியம்மாள் மகன் வந்து திட்டினான். அவன் திட்டில் நியாயம் இருந்தது. "எங்கம்மா செத்தது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. சாகாதவருக்கு நாற்காலி போட்டிருக்கீக" என்றான். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். ஆட்டோவில் நானே ஏறி உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, எல்லாத் தெருவுக்கும் நேரில் சொல்லிவந்தேன். கடைசித் தெருவில் 'அம்மாள்' என்ற இடத்தில் குரல் உடைந்து காற்றுதான் வந்தது. சனங்கள் நான் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

தர்மக்கண் தன் சாவு அறிவிப்பை ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். செல்போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறானாம்.

மார்ச் 22, சனி

எந்த சிஸ்டம் என்று இன்னும் முடிவாகவில்லை. லினக்ஸில் கை பழகிவிட்டது. ஆனால் அவன் ஜெயித்துவிடுவான்.

ராஜகனி கோயிலுக்குப் போயிருந்தாள். நடுவில் தள்ளிவைத்திருந்த 'ச' வரிசைப் பெயர்களைப் பதிந்தேன். கடைசியாக ஒன்று, துண்டாக இல்லாமல் முழு அறிவிப்பாகவே பதிந்தேன். சு-வில் ஆரம்பிக்கும் பெயர். தேதியும் நேரமும் மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், ஒட்டிக்கொள்ளலாம். வேறு யாராவது சொன்னால் கெடுத்துவிடுவார்கள். 'அன்னார்' என்ற இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாவு சொல்லிப் பிழைத்தவர் என்று விட்டுவிட்டேன்.

ஒலிப்பதிவு லினக்ஸில், உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

ராத்திரிக்கு ஆஸ்பத்திரி இட்லி. இதற்கும் ஒரு பரிசோதனை வைக்கலாம்.

மார்ச் 29, சனி

எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும். ராஜகனி ஒரு சிலேட்டு வாங்கித் தந்திருக்கிறாள். அதில் நான் எழுதுகிற வசவையெல்லாம் அவள் படிக்குமுன்பே அழித்துவிடுகிறாள். பரிசோதனை முடிவு 7-ஆம் தேதி வருமாம். வரட்டும், போகட்டும்.

இன்று வடக்குத் தெருவில் ஒரு சாவு. என் அபார மூளையின் பெருமைமிக்க வெளியீடு! தர்மக்கண் துண்டுகளை எடுத்து ஒட்டினான். நான் பக்கத்தில் இருந்து சிலேட்டில் உத்தரவு போட்டேன். இருளப்பன் கிளம்பினான்.

என்ன சொல்ல! 'வடக்குத் தெரு' காலைக் குரல், சுத்தம். பெயர் சாயங்காலக் குரல், கரகரப்பு. 'மாலை' ஒரு சுருதி, 'ஐந்து மணிக்கு' இன்னொரு சுருதி. நாலு பேர் ஒரு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவு சொல்கிற மாதிரி இருந்தது. தெருவில் சிரித்தார்கள். ஒரு சாவுக்கு, என் குரலுக்கு, சிரித்தார்கள்! செத்தவர் மருமகனே சிரித்தாராம். அவருக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

சிலேட்டைச் சுவரில் எறிந்தேன். ராஜகனி துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "இனி எதுல எழுதித் திட்டுவீக?" என்றாள்.

வெட்டி ஒட்டுவது ஆகாது. குரல் வந்தால் தொழில். வராவிட்டால் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

திருநெல்வேலி. பரிசோதனைத் தாள் வந்துவிட்டது. கெட்டது ஒன்றுமில்லையாம். அதற்கு எதற்காக ராஜகனி மீன்தொட்டி முன்னால் நின்று அப்படி அழ வேண்டும்? மீன் பயந்துவிடாதா? நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவள் தொட்டிமேல் விழுந்துவிடக்கூடாதே என்பதற்காக.

'ஆ' சொல்லச் சொன்னார் டாக்டர். காற்று வந்தது. "வீட்டுக்குப் போய் மெதுவா பேசிப் பாருங்க. கத்தவே கூடாது" என்றார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் முடிவு செய்தேன். முதல் வார்த்தையாக 'ராஜகனி' என்று சொல்வது. வீடு வரைக்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் முன்னால் தர்மக்கண். சுவிட்சைப் போட்டான். எது வேண்டுமென்று அது கேட்கவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது.

"அத்தான், ரெண்டு லினக்ஸையும் எடுத்துட்டேன். ஒங்களுக்கு விண்டோஸ்தான பழக்கம்? நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன். எல்லாப் பதிவையும் ஒரே எடத்துல சேத்து, கேட்டுச் சரிபாத்துட்டேன். இனிமே குழப்பமே வராது."

பாவி! லினக்ஸில் கை பழகி, வாய் பழகி, மனதுக்குள் ஒப்புக்கொண்டு, வெளியே சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் துடைத்துவிட்டு வந்து நிற்கிறான், எனக்காகவாம்! பல்லைக் கடித்துக்கொண்டேன். 'ராஜகனி', 'ராஜகனி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ண மட்டும் அழிச்சிட்டேன்" என்றான்.

எது என்று புருவத்தால் கேட்டேன்.

"சுடலைமணி அவர்கள்னு ஒண்ணு இருந்துச்சு."

"யாரக் கேட்டுல அழிச்ச?"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ராஜகனி ஓடிவந்து நிலையில் சாய்ந்து நின்றாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் பேசியது யார் என்று எனக்கே தெரியவில்லை. தடித்த, அடியில் மணல் கிடக்கிற குரல். முன்பு என் குரல் மேலே போய்ச் சுற்றும் இடமெல்லாம் இதில் இல்லை. என் குரல் இல்லை. ஆனால் வந்தது என் வாயிலிருந்துதான்.

"நீங்க எனக்குச் சொன்னத ஊரே கேட்டுச்சு" என்றான் தர்மக்கண். "நீங்க ஒங்களுக்குச் சொன்னத நான் ஒருத்தன் கேட்டுட்டேன். போதும் அத்தான், வேற யாரும் கேக்க வேண்டாம்."

"மறுபடி லினக்ஸப் போடுல மொதல்ல" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் ராஜகனி.

"எத? லினக்ஸையா?"

"எதையாவது."

அவள் பேரைச் சொன்னேன். வரிசை தப்பித்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். புதுக் குரலில், ஒலிப்பதிவு லினக்ஸில், ஒரே மூச்சில் பதிந்தேன். மேலே ஏற முடியாத இடங்களில் ஏறவில்லை. தர்மக்கண்ணை முழுதும் கேட்கவைத்து, பேர் சரிதானா என்று பார்த்தபிறகே பென்டிரைவைக் கொடுத்தேன். பத்துத் தெரு சுற்றி வருகிறவரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

இருளப்பன் வந்து காதுப் பஞ்சை எடுத்தான்.

"அண்ணாச்சி, டீக்கடையில நிறுத்திக் கேட்டாக, யாருடே அந்தப் புது ஆளுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் எங்க சொல்ல, அவுகளே பேசிக்கிட்டாக. பழைய ஆளு ஜவ்வா இழுப்பாரு, செத்தவரு பேரு வாரதுக்குள்ள டீ ஆறிப்போகும். இவரு நறுக்குனு சொல்லுதாருன்னாக. நல்ல வெண்கலக் குரலாம்."

ராஜகனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தர்மக்கண் கம்ப்யூட்டரைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது.

இழுத்தேனாம். ஜவ்வாம்! இந்த ஊரில் இத்தனை வருஷம் எவனுக்கும் வாய் வரவில்லை, நான் போனேன் என்றதும் வருகிறது! எந்தக் கடை, யார் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராக இருளப்பனிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் ஒன்று நடந்து என்னிடம் வரட்டும்.

இழுத்தே சொல்கிறேன்.